சமையலறையில் விழுந்த கீறல்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரு ஒன்று காணாமல் போனால்கூட முதலில் போனைத்தான் தட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. கண்ணைத் திறந்து எதிரில் பார்ப்பவர் யாரும் இல்லை. இரண்டாம் தெரு காணாமல் போன காலையில் பெரிய சாலையோரம் ஒரு கூட்டமே நின்று ஆளுக்கொரு போனை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் அதை வானத்துக்குத் தூக்கிக் காட்டினான். இன்னொருத்தி அணைத்து அணைத்துப் போட்டாள், போன் தெளிந்தால் தெருவும் வந்து நின்றுவிடும் என்பதுபோல. முதல் தெருவின் முனை வீடும் மூன்றாம் தெருவின் முனை வீடும் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டு நின்றதைக் கையால் தொட்டுப் பார்த்தவர் லாரிக்காரர் மட்டும்தான். லாரியை விட்டு இறங்கி வருடங்கள் ஆகியும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. விடிந்ததும் முதல் தெருச் சலூனுக்குச் சவரம் செய்யப் போனவர், வழவழவென்ற கன்னத்தோடு திரும்பினால் வீட்டுக்குப் போகத் தெருவே இல்லை. ஒட்டிய இடத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். நேற்று இன்று பூசிய பூச்சு அல்ல, பாசி பிடித்த பழைய பூச்சு. எவனோ கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று முடிவு செய்தார். அவருக்கு எது நடந்தாலும் அதற்குப் பின்னால் எவனோ ஒருவன் இருப்பான்.

பட்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மனைவிதான் எடுத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? சவரம் பண்ணப் போனீங்களா, தலையவே மாத்தப் போனீங்களா?"

"தெருவக் காணோம்."

"நான் தெருவுலதான் நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாருங்க."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். தெரு உள்ளே நன்றாகவே இருந்தது, வெளியே மட்டும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் சாலைப் பக்கமாக நடந்து வெளியேறினால் அதே தெருவின் மறுகோடியில் வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் அதற்காகச் சிலர் அழுதார்கள். இரண்டாம் நாள் பிள்ளைகள் அதையே ஓட்டப்பந்தயம் ஆக்கிவிட்டார்கள். விடியலில் காய்கறி விற்க வந்த தள்ளுவண்டிக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார். அவர் சுற்றிச் சுற்றி வந்து விற்றார். வண்டியில் காய் தீரவும் இல்லை, வாடவும் இல்லை, விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

விஷயம் இதுதான். ஊரின் தெருக்கள் எல்லாம் வரைபட அலுவலகத்தில் இருந்தன. முன்பு காகிதத்தில் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை, கரையான் தின்றால்கூட ஓரத்தில்தான் தின்னும், சந்து பொந்து கொஞ்சம் சுருங்குவதோடு போகும். பிறகு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் ஏற்றிவிட்டுக் காகிதத்தை எடைக்குப் போட்டார்கள். பெட்டிக்குள் ஐந்து டிஸ்க்குகள். மற்ற தெருக்களுக்கு வேறொரு பெட்டியில் நகல் இருந்தது. இரண்டாம் தெருவுக்கு வரும்போது நகல் பெட்டியில் இடம் தீர்ந்துவிட்டது. ஒரு தெருதானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஐந்து டிஸ்க் இருந்த முதல் பெட்டிதான் அன்று காலையில் படுத்துவிட்டது.

அதிகாரி ஐந்து டிஸ்க்குகளையும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து, காய் வாங்கும் பையில் போட்டு, காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறைக்கு ஓடினார். அங்கேதான் லாரிக்காரரின் மகள் தங்கியிருந்து, செத்த டிஸ்க்குகளிலிருந்து தொலைந்ததை மீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்கு நல்ல பெயர். ஒரு கல்யாண போட்டோக்காரரின் டிஸ்க்கை மீட்டபோது கல்யாணக் கூட்டம் மொத்தமும் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் அப்பாவுக்கு மட்டும் அவள் தொழிலில் நம்பிக்கை கிடையாது. டயர் வெடித்தால் ஓட்டை தெரியும், இஞ்சின் போனால் புகை தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒன்று தொலைந்தது என்று ஒருத்தர் சொல்ல, கிடைத்தது என்று இன்னொருத்தர் சொன்னால் அதற்குப் பெயர் வேலையா? மகளை அவர் 'டப்பா டாக்டர்' என்றுதான் சொல்வார், அவள் காது படவே.

இப்போது அந்த டப்பா டாக்டரின் வரவேற்பறை பெஞ்சில்தான் அவர் படுக்க வேண்டியிருந்தது. வேறு போக்கிடம் இல்லை.

மகள் பெட்டியின் முகப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு விளக்கின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"இது யாரு சார் ஒட்டினது?"

"நான்தாம்மா. எந்நேரமும் சிவப்பா சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. கண்ண உறுத்துச்சு."

"எப்ப ஒட்டினீங்க?"

"அது ஆச்சு, நாலு வருஷம்."

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவுக்கும் அதிகாரிக்கும் சேர்த்தே சொன்னாள். ஐந்தில் ஒன்று செத்தாலும் மீதி நான்கும் அதன் பங்கைச் சேர்த்துச் சுமக்கும், அதற்காகத்தான் ஐந்து. ஒன்று போனதும் உடனே புதியது போட வேண்டும், அதைச் சொல்லத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. நான்கு வருடம் யாரும் போடவில்லை. இப்போது இரண்டாவதும் போய்விட்டது.

லாரிக்காரருக்கு அவள் தொழிலில் முதன்முதலாக ஒரு விஷயம் புரிந்தது. எழுந்தே விட்டார். "ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு நாலு வருஷம் ஓட்டியிருக்கான்யா! பஞ்சர் ஒட்டாம! உனக்கெல்லாம் எவன்யா பெட்டியக் குடுத்தான்?" அதிகாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகப் போன டிஸ்க்கின் உள்ளே, தட்டைப் படிக்கும் ஊசி முனை சரிந்து தட்டையே உரசியிருந்தது. அதைப் பிழைக்க வைக்க அதே வகை, அதே சமயத்தில் செய்த இன்னொரு டிஸ்க்கின் முனையைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். அந்த முனை எவ்வளவு தூரம் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே மகளின் அறையில் ஒரு வழக்கம் உண்டு. டிஸ்க்கைத் திறக்கும் முன்னால், உடையவர் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைத்தான் அவள் முதலில் எடுப்பாள். எல்லாம் போனாலும் அந்த ஒன்று மிஞ்சட்டும் என்று.

"எல்லாமே வேணும்மா," என்றார் அதிகாரி.

"எல்லாமேன்னு ஒண்ணு என்கிட்ட கிடையாது சார். ஒண்ணு சொல்லுங்க."

போனில் தெருவைக் கேட்டார்கள். தெரு ஒரே நேரத்தில் பேசியது. ஒருவருக்குத் தன் மாடிப்படி, ஒருவருக்குக் கிணறு, ஒருவருக்கு எதிர் வீட்டைத் தவிர மற்ற எல்லாம். கடைசியில், தெருக்காரர்களில் வெளியே மாட்டிக்கொண்ட ஆள் லாரிக்காரர் ஒருவர்தான், அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அதிகாரி பார்த்தார். பெஞ்சில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள். லாரிக்காரர் மனதில் இருந்தது மனைவிதான், வேறு யார். ஆனால் இத்தனை பேர் நடுவில், மகளுக்கு முன்னால், அதை எப்படி வாயால் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நேரத்துக்கு அவள் எங்கே இருப்பாள் என்று யோசித்தார்.

"சமையலறை," என்றார்.

"சமையலறையா?"

"காது அடைச்சிருக்கா? சமையலறை."

முதல் மாற்று முனை ஒரு பல் ஆஸ்பத்திரியின் கேமராப் பெட்டியிலிருந்து கிடைத்தது. வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளை விட்டு, மகள் அதைப் பொருத்தினாள். டிஸ்க் சுழலத் தொடங்கியதும் இரண்டாம் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் லேசாகப் பல் கூசியது. பயப்பட வேண்டாம், முனை வந்த இடம் அப்படி என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். பிறகு முனையை நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். கீறல் விழுந்திருந்ததும் அங்கேதான். சிலேட்டில் ஆணி இழுத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், முனை போய்விட்டது.

அடுத்த நிமிடம் அம்மாவின் போன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, கொஞ்சம் மெதுவாக. "அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரக் காணோம்டி. இடிஞ்ச மாதிரி இல்ல. இருட்டாவும் இல்ல. ஒண்ணுமே இல்ல. கரண்டிய நீட்டிப் பாத்தேன், பாதிக் கரண்டிதான் திரும்பி வந்துச்சு."

தட்டிலிருந்து உதிர்ந்த பொடி இன்னும் உரசிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒன்றுமில்லாதது தினம் ஒரு சாண் அகன்றது. மறுநாள் தண்ணீர்க் குடம் வைக்கும் மேடை போனது. அதற்கடுத்து அலமாரி. அடுப்பை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. மனைவி அடுப்பை நகர்த்தி நகர்த்தி வைத்துச் சமைத்தாள். வேளைக்குச் சமைக்காமல் இருக்க அவளால் முடியாது, எதிரே உலகமே இல்லாவிட்டாலும்.

லாரிக்காரர் பெஞ்சில் உட்காரவில்லை. டிஸ்க்கின் மேலிருந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு வேனை இரவல் கேட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் காலத்தில் லோடு ஏற்றிப் போன பாதையெல்லாம் போனார். மில், கிடங்கு, செங்கல் சூளை, எங்கே பழைய கம்ப்யூட்டர் கிடந்தாலும் அதன் வயிற்றைத் திறக்கச் சொன்னார். கடைசியில் லாரியோடு லோடை நிறுக்கும் ஒரு எடை மேடையில் அதே எண்ணில் ஒன்று இருந்தது. எடை போடுகிறவர் பழைய பழக்கம்.

"என் மேடையில ஏறுறப்ப எல்லாம் தராசு பொய்னு சண்டை போட்ட ஆளு நீ. இப்ப என் டிஸ்க்கு மட்டும் நிஜமா?"

"உன் தராசு பொய்தான். டிஸ்க்கக் குடு."

சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

மகள் இந்த முறை சமையலறைப் பக்கமே போகவில்லை. கீறலுக்கு வெகு தூரத்தில் தொடங்கி, ஓரமாகவே படித்துக்கொண்டு வந்தாள்.   எடை மேடை முனை படித்த நாட்களில் இரண்டாம் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் எடை உள்ளுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது. சிலர் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இதனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இங்கே பெரிய சாலையில், ஒட்டியிருந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே முதலில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு விழுந்தது. பிறகு கை நுழைந்தது. ஒரு பூனை நுழைந்து போய்விட்டு, சாப்பிட்ட வாயோடு திரும்பி வந்தது. லாரிக்காரர் தினமும் போய் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். தன் வீட்டுப் படி தெரியும். நம்பாமல் மறு கண்ணையும் வைத்துப் பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம் மகள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரு மொத்தமும் வந்துவிட்டது. நம் வீடும் வந்துவிட்டது. அந்த ஒரு சுவரும் அதை ஒட்டிய கொஞ்ச இடமும்தான் பாக்கி. அதற்கு இரண்டு வழி. இருக்கும் முனையோடு கீறலுக்குள் இறங்கலாம். ஜெயித்தால் சுவர் அப்படியே வரும். தோற்றால் தட்டு மொத்தமும் உரிந்து போகும். இதுவரை எடுத்து வைத்ததைப் புது டிஸ்க்கில் எழுதிவிடலாம், தெரு வந்துவிடும், ஆனால் அந்த ஓட்டை நிற்காமல் அகலும், பிறகு அதை அடைக்க வேறு முனையும் கிடையாது. இன்னொரு வழி, முதலில் செத்து, பிளாஸ்டருக்குப் பின்னால் நான்கு வருடமாகத் தூங்குகிற டிஸ்க். அதில் கீறல் இல்லை. இதே முனையை அதில் மாட்டி அந்த இடத்தை மட்டும் எடுத்து அடைக்கலாம். ஆனால் அது நான்கு வருடத்துக்கு முந்தின சுவர்.

லாரிக்காரருக்கு முகம் மாறியது. நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே சுவர் கிடையாது. ஜன்னல் இருந்தது. அதற்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுத் தையற்காரியின் ஜன்னல். மனைவி சமைப்பாள், அவள் தைப்பாள், காலையிலிருந்து இருட்டும்வரை இரண்டு பேரும் பேசுவார்கள். ஒரு நாள் அவர் உள்ளே வரும்போது பேச்சு சட்டென்று நின்றது. போனதும் சிரிப்பு கேட்டது. தன்னைத்தான் சொல்கிறார்கள், வீட்டு விஷயமெல்லாம் அந்த ஜன்னல் வழியாக ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செங்கல் கொண்டுவந்து, தானே கலவை குழைத்து, ஒரே நாளில் அடைத்துவிட்டார். மனைவியும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். தையற்காரி தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள், ஜன்னல் இல்லாமல் அவர்களுக்குப் பேச வரவில்லை.

"உள்ள இறங்கு," என்றார் லாரிக்காரர். "நான் வெச்ச சுவரு எனக்கு வேணும்."

"அப்பா, முனை போச்சுன்னா..."

"அதெல்லாம் போகாது. நீதான் பெரிய டாக்டர் ஆச்சே."

மகள் அம்மாவுக்கு அடித்து, போனைப் பெஞ்சில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா அடுப்பை இன்னொரு முறை நகர்த்தும் சத்தம் கேட்டது. இந்த முறை அது வாசற்படியில் இடித்தது. அதற்குமேல் நகர்த்த இடமில்லை.

"உங்கப்பா என்ன சொல்றாரு?"

"சுவருதான் வேணுமாம்."

குழம்பைக் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அவரு வெச்ச சுவரு, அவரு இஷ்டம். எதுவா இருந்தாலும் சீக்கிரம் பண்ணுடி. குழம்பு கொதிக்குது, எறக்கி வெக்க இடம் இல்ல," என்றாள்.

கோபித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். சண்டைக்குச் சண்டை போட்டுப் பழகியவர். அவள் 'அவரு இஷ்டம்' என்றது பட்டப்பகலில் அவள் போடும் அந்த விளக்கைப் போலவே இருந்தது. லாரிக்காரர் எழுந்து கூண்டுவரை போனார். உள்ளே கிடந்த டிஸ்க்கைப் பார்த்தார். உள்ளங்கை அளவு தகடு. அதில் ஒரு மயிரிழைக் கோடு. இதற்குள் தன் சுவர் இருக்கிறது என்று இவள் சொல்கிறாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் அடுப்பு வாசற்படியில் இடித்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் அவரால் சந்தேகப்பட முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு கேட்டியே அன்னைக்கு," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் சமையலறைன்னது தப்பு."

"அப்ப எது?"

"உங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம். சுவரு இருந்தா என்ன, நாசமாப் போனா என்ன."

போன் பெஞ்சில் இன்னும் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் குழம்பு கொதிப்பது மட்டும் கேட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். அதிகாரி மூக்கைச் சிந்தினார்.

மகள் அம்மாவைச் சமையலறைக்கு வெளியே போகச் சொன்னாள். பழையதை எழுதும் நேரத்தில் அங்கே இருக்கும் எதுவும் நான்கு வருடம் பின்னால் போய்விடும், மனுஷியானாலும் சரி. அம்மா வெளியே போனாள். ஆனால் எழுதத் தொடங்கிய அந்த நொடியில் அடுப்பை அணைக்கவில்லை என்று ஞாபகம் வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடி வலது கையை மட்டும் உள்ளே நீட்டிவிட்டாள். ஆகவே அந்தக் கை நான்கு வருடம் இளையதாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய சூடு, தழும்பு ஒன்றும் அதில் இல்லை. மூட்டு வலியும் இல்லை. இன்றைக்கும் கனமான பாத்திரத்தை அவள் அந்தக் கையால்தான் தூக்குகிறாள், தெருவில் அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

தெரு சத்தமில்லாமல் திறந்தது. ஒட்டியிருந்த வீடுகள் விலகி நின்றன. தள்ளுவண்டிக்காரர் முதல் ஆளாக வெளியே வந்து, வந்த வேகத்தில் விலையைப் பழையபடி குறைத்தார். அதிகாரி புதிய டிஸ்க்குகளைப் போட்டுத் தெருவை முழுதாக ஏற்றினார். அலுவலகப் பதிவில் அந்த வீட்டின் சமையலறையில் ஜன்னல் என்றே இருக்கிறது. யாரும் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

லாரிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் விளக்கு எரியவில்லை, வெளிச்சம் இருந்தது. மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "தாடி வளந்துடுச்சே," என்றாள். போனில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் நேராக வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சந்துக்குப் போய் ஜன்னலை வெளியிலிருந்து ஆராய்ந்தார். சட்டத்தைக் குலுக்கினார். கீல் கிறீச்சிட்டது. காரை ஒட்டிய தடம் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். ஒரு பொடிகூட உதிரவில்லை.

"நான் வெச்ச செங்கல் எல்லாம் எங்கடி?"

"நீங்க இன்னும் வெக்கவே இல்லையே," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவருக்குப் பின்னால், எதிர் ஜன்னலில் தையல் மெஷின் நின்றது. தையற்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நடுவில் நிற்கும் ஆளைத் தாண்டி எட்டிப் பார்த்து, நான்கு வருடத்துக்கு முன்னால் பாதியில் நின்ற பேச்சை நின்ற இடத்திலேயே பிடித்தாள். "...அதனாலதான் சொன்னேன் அக்கா, அந்தத் துணிய நனைக்காம வெட்டாதீங்கன்னு. கேட்டாங்களா?"

"எங்க கேப்பாங்க," என்றாள் மனைவி, குழம்பைக் கிளறிக்கொண்டே. "அப்புறம்?"

லாரிக்காரர் இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு அவர் தோளுக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருந்தது, அவர் ஒரு கம்பம்போல. எல்லோருமாகச் சேர்ந்து எதையோ செய்திருக்கிறார்கள், அதிகாரி, மகள், அந்த எடை மேடைக்காரன் உட்பட. என்றைக்காவது ஒரு நாள் குட்டு வெளிப்படத்தான் போகிறது. "நல்லா நடிக்கிறீங்க எல்லாரும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இடைஞ்சல் பண்ணாமல் குனிந்து, சந்தை விட்டு நடந்தார்.